சுங்கை சிப்புட்டுக்கு ஜீனோ வந்த வழி

அறிவியல் புனைகதையை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டு அம்மாவின் கத்தரிக்கோலைத் தாண்டித்தான் வந்தது.

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். டவுனுக்குப் போய் ஆனந்த விகடன் வாங்கும் வசதி கிராணி வீட்டுக்குத்தான். அவர்கள் படித்து, வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் வீட்டுக்குப் போய், அப்புறம் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வரும்போது அட்டை இருக்காது. அதில்தான் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் 2021-ஆம் ஆண்டு. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தரவேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான், ரவியோடு ஜீனோ என்கிற இயந்திர நாய் வந்து சேர்கிறது.

கிராணி அம்மா சமையல் குறிப்பு பிடித்திருந்தால் வெட்டி வைத்துக்கொள்வார். பின்பக்கம் கதை இருந்தால் அதுவும் போச்சு. ஒரு வாரம் ஜீனோ பேசவேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை. திருப்பிப் பார்த்தால் 'தாளித்து இறக்கவும்' மட்டும் மிச்சம். என் அண்ணன் அசரவில்லை. தோட்டத்து ஜெனரேட்டர் நிற்பதற்குள் லயத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஓட்டைக்குள் இருந்ததையும் சேர்த்தே படித்துக் காட்டினான். அவன் ஜீனோ எங்கள் தோட்டத்து மேஸ்திரி மண்டோரைக்கூட கிண்டல் செய்யும்! பிறகு புத்தகமாகப் படித்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மண்டோர் இல்லை.

*

டீச்சர், உங்கள் அண்ணனை நான் பார்த்திருக்க வேண்டும்.

நான் எந்திரன் காலத்து ஆள். 2010 ஜூலை 31, பாடல் வெளியீட்டைக் கோலாலம்பூர் பக்கத்தில் புத்ராஜெயா அனைத்துலக மாநாட்டு மையத்தில் வைத்தார்களே, அதற்கு வேன் பிடித்துப் போனோம். ரஜினியைப் பார்த்தோம் என்று பெருமைக்குச் சொல்லலாம், முன்னால் இருந்த தலைகளைத்தான் அதிகம் பார்த்தோம். எனக்கு நினைவில் நிற்பது திரும்பி வரும் வழியில் நடந்த பேச்சு. வசனத்தில் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு என்றேன். "நடிகையாடா?" என்றான் ஒருத்தன். இல்லைடா, மனைவி பெயரில் எழுதினவர், சொந்தப் பெயர் ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியர், இந்தியாவின் ஓட்டு மெஷினை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்று வழியில் தாப்பா ஊரைத் தாண்டும்வரை விளக்கினேன். "இப்ப எங்க இருக்காரு?" என்றார் வேன் ஓட்டின அண்ணன். இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றதும் வண்டியில் சத்தமே இல்லை.

ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று பிறகு கணக்குப் போட்டேன். 2008 பிப்ரவரி 27 சுஜாதா. மார்ச் 19 ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தவர், கொழும்பில் காலமானார். நடுவில் மார்ச் 8 மலேசியப் பொதுத்தேர்தல். சுங்கை சிப்புட்டில் அந்த மாதம் வேறு எதைப் பேசியிருப்பார்கள், சொல்லுங்கள்?

*

தம்பி சொன்னது சரி. என் பங்குக்கு ஒரு மனத்தாங்கல். விடிகாலையில் தானாகவே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இயந்திரம், வேலை போன ஒரு பாட்டி, இதை வைத்து ஒரு கதை எழுதி ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினேன். போட்டார்கள், சிறுவர் பகுதியில். பக்கத்தில் புள்ளிகளை இணைத்து யானை வரையச் சொல்லியிருந்தது. பாட்டி கடைசியில் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போகிறாள் ஐயா, அது சிறுவர் கதையா?

2019-இல் எழுத்தாளர் ஜென் சோ அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரும் ஹியூகோ விருது வாங்கியபோது இந்த யானைதான் ஞாபகம் வந்தது. இங்கே பிறந்து வளர்ந்து இங்கிலாந்தில் இருப்பவர். அந்த விருதை 1953 முதல் கொடுக்கிறார்கள், ராக்கெட் வடிவக் கோப்பை. அவருக்கு நெடுங்கதைப் பிரிவில் கிடைத்தது. டிராகன் ஆக முயன்று முயன்று தோற்கும் ஒரு பாம்பின் கதை. அதை யாரும் சிறுவர் பகுதிக்கு அனுப்பவில்லை. நமக்கோ அதே 2019-இல், 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே நின்றுபோனது.

அடுத்த கதை தயார். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மருந்தடிக்கும் டிரோன் ஒன்று வேலைக்கு வர மறுக்கிறது. எங்கே அனுப்பலாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.