இரண்டு பேர் படித்துவிட்டுப் போன விஷ்ணுபுரம்

ஜெயமோகனின் விஷ்ணுபுரம் நாவலை நான் படித்தது பழைய பிரதியில். அதனால்தான் முழுசாகப் படித்து முடித்தேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலும் பாடப் புத்தகம், கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம்தான் கிடைக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவில் இது செருகிக் கிடந்தது. கடைக்காரர் தடிமனைப் பார்த்தே 250 ரூபாய் என்றார். "பக்கமெல்லாம் இருக்குதான்னு பாத்துக்கங்க, அப்புறம் வந்து கேக்கக் கூடாதுங்க." நின்றபடியே புரட்டினேன். பக்கம் எதுவும் விடுபடவில்லை. முதுகு மட்டும் நடுவில் பிளந்திருந்தது. இவ்வளவு பருமனான புத்தகத்துக்கு அது சகஜம்.

முதல் பாகமான ஸ்ரீபாதம் தொடங்கும் பக்கத்தின் தலைப்பிலேயே யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்: "காலவரிசை – கௌஸ்துபம், ஸ்ரீபாதம், மணிமுடி." 1997-ல் வந்த இந்த நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் முதல் பாகத்திலேயே நின்றுவிடுவார்கள். பிரம்மாண்டமான விஷ்ணு சிலை படுத்திருக்கும் கோயில், அதைச் சுற்றி ஒரு நகரம், திருவிழாக் கூட்டம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொன்மக் கதை. இரண்டாம் பாகமான கௌஸ்துபம் காலத்தில் பின்னோக்கிப் போகிறது; முன்பு கதையாகக் கேட்டவர்கள் அங்கே ரத்தமும் சதையுமாக நடமாடுகிறார்கள். மூன்றாம் பாகமான மணிமுடியில் நகரமே அழிகிறது. அந்த ஒற்றை வரிக் குறிப்பு இல்லையென்றால் நானும் திணறியிருப்பேன்.

ஆனால் எனக்கு நெருக்கமானது கௌஸ்துபம்தான். தத்துவ விவாதம் நடக்கும் ஞானசபையில் வைதிகரான பவதத்தருக்கு எதிராக பௌத்தனான அஜிதன் வாதிடும் பகுதி. சாங்கியம், வைசேடிகம் என்று இந்தியத் தத்துவ தரிசனங்கள் ஒவ்வொன்றாக மோதும் பக்கங்கள். அங்கே பென்சில்காரர் வாதத்தைக் கட்டம் கட்டிப் பிரித்து வைத்திருக்கிறார். எது கேள்வி, எது மறுப்பு, எங்கே உவமையைக் காட்டி நழுவுகிறார்கள் என்று. அஜிதன் வெல்லும் இடத்தில் "ஏற்கவில்லை" என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறார். அதற்கடியில் நீல மையில் வேறொரு கையெழுத்து: "ஏன்? முந்தின பக்கத்தை மறுபடி படிக்கவும்." பென்சில்காரர் விற்ற பிறகு வாங்கியவராக இருக்க வேண்டும். அதிலிருந்து மணிமுடி வரைக்கும் இந்த நீல மை விடாமல் பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. சில இடங்களில் எனக்கே கோபம் வந்தது. பென்சில்காரர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. அஜிதன் ஜெயித்ததில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை. இப்படிக் கூட ஆள் வைத்துக்கொண்டு தத்துவம் படிப்பது தனியாகப் படிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இந்த நாவல் பழைய கடையில் கண்ணில் பட்டால் தயங்காமல் எடுங்கள். கிறுக்கல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள்.

என் பிரதியில் இப்போது சில தாள்கள் கழன்று வர ஆரம்பித்துவிட்டன. பைண்டிங் கடையில் கொடுத்தால் ஓரத்தை மட்டமாக வெட்டித்தான் தருவார்கள். பாதிக் குறிப்புகள் அதோடு போய்விடும். வெட்டாமல் கையால் தைத்துக் கொடுக்கும் ஆள் யாராவது கோவைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.