கேஷ் நம் காசா, இல்லையா? அட்டை திரும்பி வந்துவிட்டது

வில்லாபுரம் அப்பா:
தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு செம்புக் காசு கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி, 1808. பின்பக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே இரண்டு எக்ஸ் போட்டு 'கேஷ்'. மகளின் பள்ளிக் கண்காட்சி அட்டையில், 'ஆங்கில கேஷ் தமிழ்க் காசிலிருந்து வந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர், 'அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். அகராதியும் அவர் பக்கம்தான். ஆனால் காசிலேயே அச்சடித்திருக்கிறதே! திங்கட்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.

சிம்மக்கல் வாசி:
மாத்தாதீங்கண்ணே. எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்.

செல்லாக்காசு:
சிம்மக்கல்காரர் பேச்சைக் கேட்டால் அட்டை மறுபடி திரும்பி வரும். டீச்சர் சொன்னதும் சரி, உங்கள் காசும் சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியாக, பெட்டியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் பணப்பெட்டிக்கே அந்தப் பெயர். அப்புறம் உள்ளே இருந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் கடையில் 'கல்லாவில் எவ்வளவு இருக்கு?' என்று கேட்பதில்லையா, அதுபோல. கேஷியர் என்றால் பெட்டிக்காரர்.

உங்கள் காசில் இருப்பது நம் காசேதான். போர்ச்சுகீசியர் அதைக் 'கைஷா' என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்! குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயங்களையும் ஆங்கிலேயர் கேஷ் என்றதற்கு இந்தக் காசுதான் மூலம்.

வில்லாபுரம் அப்பா:
அப்படியென்றால் எது எந்த கேஷ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்லாக்காசு:
எண்ணிப் பாருங்கள். ரொக்கத்தை ஆங்கிலத்தில் 'கொஞ்சம் கேஷ்' என்பார்கள், 'இருபது கேஷ்' என்பதில்லை. எண்ணிக்கை முன்னால் வந்தால் நம் காசு. அன்றைய சென்னைக் கணக்கில் 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் 'வராகன்' என்ற பொற்காசு ஒன்று. இரண்டு எக்ஸ் ரோமன் எண்ணில் 20. ஆக உங்களிடம் இருப்பது கால் பணம். பணத்தையும் அவர்கள் விடவில்லை, 'ஃபனம்' ஆக்கினார்கள்.

அட்டையில் 'இந்தக் காசில் உள்ள கேஷ்' என்று தொடங்குங்கள், டீச்சர் ஒத்துக்கொள்வார். காசைத் தேய்த்து விளக்க மட்டும் வேண்டாம், சேகரிப்பவர்களிடம் மதிப்பு போய்விடும்.

வில்லாபுரம் அப்பா:
ரொம்ப நன்றிங்க. நேற்றே புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பளபளவென்று இருக்கிறது.