1916 பயோனெட்டில் கொக்கி: அசலா, பிற்பாடு வைத்ததா?

வணக்கம் நண்பர்களே. பழைய ராணுவப் பொருள் சேகரிப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கான 1907 மாதிரி பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அலகு 17 அங்குலம். பிடியை ஒட்டிக் கிரீடம், கீழே 1907, அதற்கும் கீழே 10, 16 என்ற எண்கள். 1916 அக்டோபரில் செய்தது என்று புரிந்துகொள்கிறேன். மறுபக்கம் பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும், வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறியும் பளிச்சென்று தெரிகின்றன.

இடிக்கிற இடம் கைக்காப்பு, அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் பகுதி. அதில் கொக்கி இருக்கிறது! பிரிட்டனில் 1913லேயே கொக்கியை நிறுத்திவிட்டார்களே? கொக்கி வைத்தவை நல்ல விலை போவதால் பிற்பாடு பற்றவைத்து விற்பவர்களும் உண்டு. பற்றவைத்த தடம் எங்கே தெரியும்? ஆரம்பகாலப் பிடியை இந்த அலகில் மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டா?

கூடவே, ரைஃபிள் கட்டைக்குள் வைக்கும் பித்தளை எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கும் கயிறும் வந்தன. தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு போய்விடும் என்பதால் குப்பியில் கைவைக்கவில்லை. பச்சைக் களிம்பை மட்டும் எடுக்கலாமா?

விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் தொகை எனக்குப் பயன்படாது. ஏலத்தில் உண்மையாகவே போன விலை தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். கைக்காப்பின் நெருக்கமான படங்களை இணைத்திருக்கிறேன்.