ஸ்ட்ரிங்காக வரும் ஆபரேட்டர்: "ஆண்ட்", "ஆர்" இரண்டுக்கும் என்ன வழி?

நண்பர்களே, பைத்தானில் விதிகளைச் சரிபார்க்கும் ஒரு நிரல் எழுதுகிறேன், விதிகள் ஜேசான் கோப்பிலிருந்து வருவதால் ">=", "<", "+" எல்லாமே வெறும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துச் சரம்). ஸ்ட்ரிங்கை அப்படியே நிரலாக ஓட்டும் ஈவல் போட்டால் ஒரே வரியில் முடியும், ஆனால் கோப்பை வெளியாட்களும் திருத்தலாம் என்பதால் அது வேண்டவே வேண்டாம். ஒரு டிக்‌ஷனரியில் ஒவ்வொரு குறியையும் பைத்தானோடு வரும் ஆபரேட்டர் மாட்யூலின் ஃபங்ஷனோடு இணைத்தேன், ஒப்பீடும் கணக்கும் அருமையாக ஓடுகின்றன. (பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் "இன்" மட்டும் கொஞ்சம் குசும்பு, கன்டெய்ன்ஸ் ஃபங்ஷன் பட்டியலைத்தான் முதலில் கேட்கிறது.)

சிக்கல் "ஆண்ட்", "ஆர்" இரண்டில்தான். மாட்யூலில் இருப்பவை மெய், பொய் பார்க்கும் ஆண்ட், ஆர் அல்ல, எண்ணின் பிட் அளவில் வேலை செய்பவை. சரி, லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதலாம் என்றால் அதை அழைக்கும் முன்பே இரண்டு பக்கமும் கணக்கிடப்பட்டுவிடுகின்றன. "ஆண்ட்"டில் இடப்பக்கம் பொய் என்றாலோ "ஆர்"இல் மெய் என்றாலோ வலப்பக்கத்தைத் தொடவே கூடாது, அது டேட்டாபேஸ் வரை போகும். இரு பக்கத்தையும் ஃபங்ஷனாகவே அனுப்பலாமா, இல்லை இந்த இரண்டுக்கும் தனியாக இஃப் எழுதுவதே மேலா?