குத்தூசி குத்துன எடத்துக்குத்தான் அந்த நம்பரு

உடுமலைப் பக்கத்திலிருந்து:

போன மாசியில நடந்ததுங்க. குடிமங்கலத்துக்குக் கிட்ட எங்க தோட்டம். மக்காச்சோளம் அடிச்சு முடிச்சதும் யாவாரி களத்துக்கே வந்திருவாரு, எனக்கு மாமன் முறை. குவியலுக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விடுவாரு, ரெண்டு மணியை எடுத்துக் கடிப்பாரு, "இன்னும் காயோணும் மாப்ளே"ன்னு சொல்லிக் குவிண்டாலுக்கு மூணு கிலோ கழிச்சிருவாரு. அவரு பல்லுக்கு அப்பீலே கிடையாது.

இந்தத் தடவை பல்லடம் பக்கம் ஒரு தீவன மில்லுக்கு நேராவே 10 டன் லோடு ஏத்தினேன். எடை மேடை தாண்டுனதும் ஒரு பையன் லாரி மேல ஏறுனான். பின்பக்கம் கைக்கு எட்டுன நாலு மூட்டையில குத்தூசியைச் சொருகி, வந்த மணியை டப்பாவுல புடிச்சு லேபுக்குக் கொண்டு போனான். அரைப்பாங்கன்னு நெனச்சேன். அரைக்கவே இல்லைங்க. ஒளியை வெச்சு ஈரம், புரதம் பார்க்கற ஒரு வெள்ளைப் பெட்டி மேல முழு மணியாக் கொட்டுனாங்க, ஒரு நிமிசத்துக்குள்ள திரையில வந்திருச்சு: ஈரம் 15.8, புரதம் 8.6, எண்ணெய் 3.9.

எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. களத்துல என்ற கைமீட்டர் 13.5 காட்டுச்சு. மில்லுல ஈரம் 14க்கு மேல போனா எடையில கழிச்சிருவாங்க. சத்தம் போட்டேன்.

லேபுல இருந்த பொண்ணு கோவிச்சுக்கல. "ஏனுங்ண்ணா, பின்னால இருக்கற மூட்டையெல்லாம் எப்பக் காயவெச்சது?"ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் பொறி தட்டுச்சு. அது கடைசி நாள் சோளம். ராத்திரி தார்ப்பாய் ஓரம் விலகி, பனி குடிச்ச குவியல். காலையில அவசரத்துல மூட்டை புடிச்சுக் கடைசியா ஏத்துனது.

முன்னால, நடுவுல, பின்னால, மேல, அடியிலன்னு பன்னெண்டு மூட்டையில திரும்ப எடுக்கச் சொல்லுச்சு. மணி வெயில்ல கொதிச்சுக் கெடந்துச்சு. சூட்டோட போட்டா நம்பரு மாறுமுன்னு எவர்சில்வர் தட்டுல பரப்பி, சித்த நேரம் ஃபேனுக்கடியில வெச்சாங்க. முன்பக்கத்து மூட்டை 13.7. பின்பக்கம் 15.9. எல்லாம் கலந்து போட்டதுல 14.6.

கணக்கைப் பாருங்க. 100 கிலோவுல 15.8 ஈரம்னா காய்ஞ்ச சரக்கு 84.2. அதை 14 ஈரத்துக்குக் கொண்டுவந்தா 97.9 கிலோ. 2.1 கிலோ கழிக்கறது நியாயம். 14.6ன்னா 0.7 கிலோதான். 10 டன்னுக்கு வித்தியாசம் 140 கிலோ. நாலு மூட்டைக் குத்துல அத்தனையும் போயிருக்கும். கடைசியில 1 கிலோ கழிச்சாங்க. 0.7ன்னு சொல்லிப் பார்த்தேன், அவங்க அட்டவணையில அந்தக் கட்டமே இல்லையாம்.

நாமக்கல்லிலிருந்து:

நான் ஒரு மில் லேபுல இருக்கறவன். அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துச் சொல்றேன். அந்தப் பெட்டி புரதத்தை நேரா அளக்கறதில்லைங்க. கண்ணுக்குத் தெரியற சிவப்பைத் தாண்டி, 780 நானோமீட்டர்ல இருந்து 2500 வரைக்கும் இருக்கற ஒளிதான் அகச்சிவப்புக்குக் கிட்டத்து ஒளி, அதைத்தான் அந்தப் பெட்டி மணி மேல பாய்ச்சுது. 1450லயும் 1940லயும் தண்ணி அதை நல்லா உறிஞ்சும். அதனால ஈரத்தை ஓரளவு தைரியமாச் சொல்லும். புரதம் அப்படியில்லை. முன்னமே ரசாயன முறையில நைட்ரஜன் பார்த்து, 6.25ஆல பெருக்கி வெச்ச மாதிரிகளோட ஒப்பிட்டுத்தான் ஊகிக்குது. 1960கள்ல அமெரிக்க வேளாண் துறையில கார்ல் நாரிஸ் தானியத்துல ஆரம்பிச்ச வேலை, இன்னைக்கும் அடிப்படை அதுதான். புது ரகம் வந்தா தப்பாக் காட்டலாம். எங்ககிட்ட ஒரு சீசன் பூராவும் புரதம் அரைப் புள்ளி தூக்கலாவே காட்டிட்டு இருந்துச்சு. வெளியே அனுப்பிப் பார்த்த பொறவுதான் தெரிஞ்சது.

இன்னொண்ணு, என்ற தப்பு. ஒரு மக்காச்சோள லோடு வந்துச்சு, ஈரம் 13.2, புரதம் 9. சீட்டைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுட்டேன். இறக்கற அம்மிணிதான் "சாமி, இது மக்குன வாசம் அடிக்குது"ன்னாங்க. புற ஊதா விளக்குல உடைஞ்ச மணியெல்லாம் பச்சை கலந்த மஞ்சளா மின்னுச்சு. பூஞ்சை நஞ்சு ஒரு கிலோவுல மைக்ரோகிராம் கணக்குல இருந்தாலே கோழிக்கு ஆகாது. அவ்வளவு நுணுக்கத்துக்கு இந்தப் பெட்டியை நம்ப முடியாது. அதுக்குத் தனி சோதனை போடோணும்.

கோபியிலிருந்து:

நமக்கு நெல்லுங்க, தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். அரசு கொள்முதல்ல ஈரம் 17க்குள்ள இருக்கோணும், அங்க சாதாரண ஈர மீட்டர்தான். வெளிநாட்டுல அறுக்கற மெஷின்லயே இந்த ஒளிப்பெட்டியை மாட்டி, வயல்ல போகப் போகவே ஈரமும் புரதமும் பார்க்கறாங்க. நல்லதுதான். ஆனா எனக்கு நாலு ஏக்கர். மேட்டுல குறைச்சல், வாய்க்கா ஓரம் ஈரம்னு அது சொன்னா, நான் அதைத் தனியா அறுக்கறதுக்குள்ள வாடகை மணிக்கணக்குல ஓடிரும். காலைப் பனி காயற வரைக்கும் மெஷினை வயலுக்குள்ள விடறதில்லை, அவ்வளவுதான் என்னால ஆகறது.

உடுமலைப் பக்கத்திலிருந்து:

நாமக்கல் அண்ணா சொன்ன பொறவு, பனி குடிச்ச மூட்டைக்குத் தனியாச் சிவப்புக் கயிறு கட்டி ஏத்தலாம்னு இருக்கேன். மில்லு சீட்டை யாவாரி மாமன்கிட்டயும் காட்டுனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாரு. "நானும் பதினாலரைன்னுதானே சொல்லியிருப்பேன் மாப்ளே"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.