குளிர்நீரில் விண்ட்சர்ஃபிங்: இருபது நிமிடத்தில் கைப்பிடி தளர்ந்துவிடுகிறது, தடித்த கையுறை உதவுமா?

பாய்விரிப்பவன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாகக் கோடைக்காலத்தில் மட்டும் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகைமேல் நின்று காற்றின் விசையால் நீரில் செல்லும் விளையாட்டு) செய்துவந்த நான், இந்த ஆண்டு பருவம் முடிந்த பிறகும் பலகையை எடுத்துவைக்க மனம் வராமல் ஏரியில் தொடர்ந்து இறங்கிவருகிறேன். நீரின் வெப்பநிலை இப்போது 9 டிகிரி செல்சியஸ், காற்றின் வெப்பநிலை 6 டிகிரி. உடல் முழுவதையும் மூடும் 5/4 மில்லிமீட்டர் (உடற்பகுதியில் 5, கைகால்களில் 4) வெட்சூட் எனப்படும் நியோபிரீன் நுரை ரப்பர் உடை, 5 மில்லிமீட்டர் காலணி, 3 மில்லிமீட்டர் ஐவிரல் கையுறை ஆகியவற்றை அணிகிறேன். தலைக்கு எதுவும் அணிவதில்லை, ஏனெனில் காதை மூடினால் காற்றின் ஓசையும் பிறர் கூப்பிடும் குரலும் கேட்பதில்லை.

உடம்பு அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஆனால் இறங்கிய பதினைந்து, இருபது நிமிடங்களுக்குள் முன்கைத் தசைகள் கல்லைப் போல இறுகிவிடுகின்றன. அதன்பின் விரல்கள் மரத்துப்போய், பூமை (பாயைக் கட்டுப்படுத்தக் கையால் பிடிக்கும் குழாயை) பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடந்த வாரம் கரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் விழுந்து, நீரில் கிடந்தபடியே பாயில் காற்றைப் பிடித்து எழும் வாட்டர்ஸ்டார்ட்டை நான்கு முறை முயன்றும் முடியாமல், ஐந்தாவது முறைதான் எழ முடிந்தது. கோடையில் இதே சாதனங்களோடு இரண்டு மணி நேரம் சோர்வின்றி ஓட்டியவன் என்பதால் அந்தச் சில நிமிடங்கள் என்னை உண்மையாகவே அச்சுறுத்தின. என் எடை 82 கிலோ, பலகை 95 லிட்டர், பாய் 5.7 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் கையுறை வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா?

வாடைக்காற்று:

வணக்கம் நண்பரே. தடித்த கையுறையை வாங்க வேண்டாம். உங்கள் முன்கை இறுகுவதற்குப் பெரும்பாலும் இப்போது அணியும் கையுறையே காரணம் என்று நினைக்கிறேன்.

விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. நியோபிரீன் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பவே விரும்பும் பொருளாதலால், விரலை மடக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அந்தத் தசைகள் காற்றோடு மட்டுமல்லாமல் கையுறையோடும் போராடுகின்றன. இதோடு பூமின் பருமனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 29 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை 3 மில்லிமீட்டர் கையுறையோடு பிடிக்கும்போது, உங்கள் கை உண்மையில் சுற்றிவளைப்பது 35 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் கையுறையென்றால் அது 39 ஆகிவிடும். பருமன் கூடக்கூடப் பிடிக்கச் செலவாகும் வலிமையும் கூடும், இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறையும், விரல் மேலும் குளிரும், உணர்வு குறைந்த கை பயத்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இந்தச் சுழலை உடைப்பதுதான் உங்கள் தேவை.

உள்ளங்கைப் பகுதி திறந்திருக்கும், விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறையைப் பயன்படுத்திப் பாருங்கள். புறங்கையும் விரல் நுனிகளும் காற்றிலிருந்து காக்கப்படும், உள்ளங்கை பூமை நேரடியாகத் தொடும். முதலில் பார்ப்பவருக்கு இது குளிரும் என்றே தோன்றும். நானும் ஒரு பருவம் முழுவதும் நம்பாமலேயே இருந்தேன். ஈரமான கையிலிருந்து வெப்பத்தைப் பறிப்பதில் காற்றின் பங்கு மிகப் பெரியது என்பதும், வெறும் உள்ளங்கையால் பிடிக்கும்போது தசை தளர்வாக இருப்பதும்தான் இது வேலை செய்வதற்குக் காரணம். வசதி இருந்தால் 26 மில்லிமீட்டர் அளவில் மெலிந்த பிடியுள்ள பூமும் உதவும்.

ஹார்னஸ் கயிறுகளையும் (இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டுவதற்காகப் பூமில் கட்டப்படும் கயிறுகள்) சரிபாருங்கள். சீரான காற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டு இரு கைகளின் விரல்களையும் விரித்துப் பாருங்கள். பாய் அப்படியே நின்றால் சரி. பின்னால் பிடிக்கும் கை (பின்கை) இழுக்கப்பட்டால் கயிறுகளைச் சிறிது பின்னுக்கும், முன்னால் பிடிக்கும் கை இழுக்கப்பட்டால் முன்னுக்கும் நகர்த்துங்கள். கோடையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு பிழையை 9 டிகிரி நீர் பொறுக்காது.

உடம்பு குளிரவில்லை என்கிறீர்கள். உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்க வேண்டிய நிலை வந்ததும், உடல் முதலில் குறைப்பது கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைத்தான். ஆகவே மார்பு இதமாகத் தோன்றினாலும், விரல்கள் மரத்துப்போவது உடல் சிக்கனத்தில் இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். தலையையும் கழுத்தையும் மூடுங்கள். வெட்சூட்டின் மணிக்கட்டுப் பகுதி இறுக்கமாக இருந்து தோலில் தடம் பதிக்கிறதா என்றும் கழற்றியவுடன் பாருங்கள், அதுவும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

கரையோரம்:

டிரைசூட் (உள்ளே நீர் புகாத உடை) ஒன்றை வாங்கிவிட்டால் இவையெல்லாம் தேவைப்படாது அல்லவா?

வாடைக்காற்று:

டிரைசூட் நல்ல உடைதான், ஆனால் பெரும்பாலான டிரைசூட்டுகள் நீரைத் தடுக்குமே தவிர அவற்றுக்கெனத் தனி வெப்பம் கிடையாது. உள்ளே அணியும் கம்பளி அல்லது ஃபிளீஸ் அடுக்குதான் வெப்பத்தைக் காக்கிறது. அப்போதும் கை வெளியேதான் இருக்கும். வெட்சூட்டிலேயே மார்பும் முதுகும் துணியொட்டாத வழவழப்பான நியோபிரீனாக இருந்தால், நீர் தங்காமல் வழிந்துவிடுவதால் காற்றில் ஆவியாகி ஏற்படும் குளிர் வெகுவாகக் குறையும். நீருக்கு மேலே காற்றில் நின்றுகொண்டிருக்கும் நமக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

நீந்துபவள்:

நண்பரே, நான் நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவள். கையுறையைப் பற்றி மேலே சொல்லப்பட்டவை சரியானவை. எனக்குக் கவலை தருவது அந்த 400 மீட்டர்தான்.

நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்லும். மிகக் குளிர்ந்த நீரில் விழுபவர்களுக்கு நாங்கள் கற்பிக்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்களைப் பயனுள்ள வகையில் இயக்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்கும் வரை ஒரு மணி நேரம். வெட்சூட் இந்த எண்களை நீட்டிக்கும், ஆனால் வரிசையை மாற்றாது. நினைவு தெளிவாக இருக்கும்போதே கைகள் செயலிழந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு முறை தோற்று ஐந்தாவது முறை எழுந்தீர்கள். ஆறாவது முறைக்குக் கை மிஞ்சியிருந்திருக்குமா என்பது உறுதியில்லை.

உங்கள் பலகையின் கணக்கைப் பாருங்கள். நீங்கள் 82 கிலோ, நனைந்த உடைகள், பலகை, பாய், மாஸ்ட் (பாயைத் தாங்கும் கம்பம்), பூம் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 100 கிலோ அளவுக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் கனஅளவு ஏறத்தாழ ஒரு கிலோவைத்தான் மிதக்கவைக்கும் என்பதால், 95 லிட்டர் பலகை அதைத் தாங்கி மிதக்காது. காற்று இருக்கும்வரை பரவாயில்லை, காற்று விழுந்தால் பலகை உங்கள் காலடியில் மூழ்கும். அதன்மேல் நின்று கயிற்றால் பாயைத் தூக்கி எடுக்கவும் முடியாது. பருவம் முடியும் காலத்தில் 120 லிட்டருக்குக் குறையாத பலகையை எடுங்கள். பாயையும் ஓர் அளவு குறைக்கலாம், ஏனெனில் 6 டிகிரி காற்று 26 டிகிரி காற்றைவிடச் சுமார் 7 சதவீதம் அடர்த்தியானது. அதே வேகத்தில் வீசினாலும் பாயை அவ்வளவு கூடுதலாக இழுக்கும்.

கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்றில் இறங்கவே வேண்டாம். பலகைமேல் படுத்துக் கையால் துழாவித் திரும்பக்கூடிய தொலைவுக்கு அப்பால் போகாதீர்கள், கரைக்கு இணையாக ஓட்டுங்கள், கரையில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள். மாஸ்ட்டைப் பலகையோடு இணைக்கும் ரப்பர் மூட்டை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது நடுநீரில் அறுந்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் ஓட்ட முடியாது. எது நடந்தாலும் பலகையை விட்டு நீந்த முயலாதீர்கள். பாயை இழக்கலாம், பலகையை இழக்கக் கூடாது.

பாய்விரிப்பவன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பலகையின் கணக்கை நான் இதுவரை இப்படி யோசித்ததே இல்லை. ஐயா, இறங்கும் முன் கையுறைக்குள் வெந்நீர் ஊற்றிக்கொள்வது நல்லதா? சகோதரி, கரைக்கு வந்தபின் விரல்களில் தாங்க முடியாத வலி வருகிறது, அது இயல்புதானா?

வாடைக்காற்று:

காலணிக்குள் வெதுவெதுப்பான நீர் ஊற்றுவது பயன்தரும், ஏனெனில் உள்ளே தங்கும் நீரைச் சூடாக்க உங்கள் உடல் வெப்பம் செலவாகாது. உள்ளங்கை திறந்த கையுறையில் அந்த நீர் தங்காது. அதைவிட, உடையணிந்த பிறகு பத்து நிமிடம் வேகமாக நடந்து, கைகளைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள். முதல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, மரப்பதற்கு முன்பே கரைக்கு வந்து மீண்டும் கையைச் சுழற்றிவிட்டு இறங்கினால், இரண்டாவது சுற்றில் கை வெகுநேரம் தாங்கும்.

நீந்துபவள்:

இரத்தம் திரும்பப் பாயும்போது வரும் வலி அது, சில நிமிடங்களில் தணிந்துவிடும். மரத்த கையை வெந்நீரில் வைக்காதீர்கள், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அக்குளில் வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் சாதாரணக் குளிரிலும் விரல்கள் தெளிவான எல்லையோடு வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதையும் மூடியே ஆக வேண்டும். குளிர்ந்த நீரும் காற்றும் ஆண்டுக்கணக்கில் படுவதால் காதுக்குழாயில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும் நிலை கடலாடிகளிடையே நன்கு அறியப்பட்டது. ஒலியை உள்ளே விட்டு நீரைத் தடுக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன.

நடுக்கம் நிற்காமல் தொடர்ந்தால் அன்றைய நாள் முடிந்தது என்று கொள்ளுங்கள். குளிரில் கிடந்தவருக்கு வெப்பம் கிடைக்காமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறுவதன் அறிகுறி அல்ல, உடனே மருத்துவ உதவி தேவை.

பாய்விரிப்பவன் (இரண்டு வாரங்களுக்குப் பின்):

முடிவைத் தெரிவிப்பது என் கடமை என்பதால் எழுதுகிறேன். விரல்களை விரித்துப் பார்த்தபோது பின்கைதான் முழுச் சுமையையும் இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கோடையில் வேறொரு பாய்க்குக் கட்டிய கயிறுகளை நான் மாற்றவே இல்லை. அவற்றை 3 சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினேன். நண்பர் ஒருவரின் 125 லிட்டர் பலகை, 5.3 பாய், தலைமூடி, உள்ளங்கை திறந்த கையுறை ஆகியவற்றோடு, அவரே கரையில் நிற்க, 7 டிகிரி நீரில் இறங்கினேன். முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கை சுருக்கென்று குளிர்ந்தது, பிறகு அந்த நினைப்பே வரவில்லை. இடையில் ஒரு முறை கரைக்கு வந்து மொத்தம் நாற்பது நிமிடம் ஓட்டினேன். இறுதிவரை பூமின் சொரசொரப்பை விரலால் உணர முடிந்தது. விழுந்த மூன்று முறையும் முதல் முயற்சியிலேயே எழுந்தேன்.

ஒரே ஒரு இடர் மீதமிருக்கிறது. மாஸ்ட்டின் இரு துண்டுகளும் இறுகிக்கொண்டு, குளிர்ந்த கைகளால் பிரிக்கவே முடியவில்லை.

வாடைக்காற்று:

மகிழ்ச்சி. இணைப்பில் நுண்மணல் புகுந்திருக்கும். வெளித்துண்டின் இணைப்புப் பகுதிமேல் வெந்நீரை ஊற்றினால் அது சற்று விரியும். உடனே இருவர் எதிரெதிர்த் திசைகளில் திருகி இழுங்கள். அடுத்த முறை பொருத்தும் முன் இரு முனைகளையும் கழுவி, பொருத்தியபின் இணைப்பைச் சுற்றி மின்காப்பு நாடாவை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், மணல் புகாது. பாயை இந்தக் குளிரில் மடிக்காதீர்கள், கண்ணாடி போன்ற அந்தப் படலம் குளிரில் எளிதாக விரிசல் விடும். தளர்வாகச் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள்.