பிரெட்ஸ்லாவ் மாவட்டம்: அரண்மனைகளைத் தவிர என்ன இருக்கிறது?

தெற்குரயில்:
செக் நாட்டின் ப்ர்னோ நகரில் படிக்கிறேன். வியன்னா போகும்போதெல்லாம் ரயில் பிரெட்ஸ்லாவில் நிற்கும், ஒரு தடவைகூட இறங்கியதில்லை. செப்டம்பரில் மூன்று நாள் கிடைக்கிறது, அந்த மாவட்டத்தை ஒழுங்காகப் பார்க்க ஆசை. லெட்னிட்சே, வல்திட்சே அரண்மனைகளைப் பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அங்கே இருப்பவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு சந்தேகம், வரைபடத்தில் மாவட்டம் இருக்கிறது, மாவட்ட அலுவலகம் எங்கே தேடியும் காணோம், ஏன்?

மேடுபள்ளம்:
அலுவலகம் இல்லாததால்தான் காணோம். செக் நாட்டில் மாவட்ட அலுவலகங்களை 2002 முடிவோடு மூடிவிட்டார்கள். 'ஒக்ரெஸ்' என்ற மாவட்ட எல்லை நீதிமன்றம், காவல்துறை, புள்ளிவிவரம் போன்றவற்றுக்கு மட்டும் நிற்கிறது. அன்றாட வேலைகளை பிரெட்ஸ்லாவ், மிகுலோவ், ஹுஸ்தொபெச்சே ஆகிய மூன்று ஊர்களின் நகராட்சிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் சேர்த்துப் பார்க்கின்றன.

நிலத்தைப் பற்றிச் சொன்னால், மாவட்டத்தின் பெரும்பகுதி தாழ்வான சமவெளி. தெற்கே ஆஸ்திரியா, தென்கிழக்கில் ஸ்லோவாக்கியா. தியே ஆறும் மொராவா ஆறும் லான்ஷ்ஹோத் ஊருக்குக் கீழே, மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கும் இடத்தில் கலக்கின்றன, அங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர்தான் உயரம். அந்த வெள்ளக்காடு பல காலம், கம்யூனிச நாடுகளை மேற்கு ஐரோப்பாவிலிருந்து பிரித்த இரும்புத்திரை எல்லையாகப் பூட்டிக் கிடந்தது. இந்தச் சமவெளிக்கு நடுவே திடீரென்று வெள்ளைச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் எழும், அதுதான் பாலவா. உச்சி டியேவீன், 549 மீட்டர். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும், ஆனால் சுற்றிலும் தட்டையாக இருப்பதால் மேலே நின்றால் ஏரிகள், திராட்சைத் தோட்டங்கள், ஆஸ்திரியா வரைக்கும் விரிந்து கிடக்கும். மூன்று நாளில் ஒரு முழு நாளை இதற்கே வையுங்கள்.

கொடிக்கால்:
பிழைப்பு என்றால் முதலில் திராட்சை. செக் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில்தான், அதில் இந்த மாவட்டத்தின் பங்கு மிகப் பெரியது. வெல்கே பீலோவிட்சேதான் நாட்டிலேயே அதிகத் தோட்டப் பரப்பு உள்ள ஊர். வெல்கே பாவ்லோவிட்சே பக்கம் சர்க்கரைப் பாதாமியும் (ஆப்ரிகாட்) விளையும், ஹுஸ்தொபெச்சேயில் வாதுமைத் தோட்டமே இருக்கிறது, இவ்வளவு வடக்கே வாதுமை பூப்பதைப் பார்த்து நான் அசந்து நின்றேன். மாவட்டம் எவ்வளவு வெதுவெதுப்பானது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் வெறும் ஒயின் நாடு என்று நினைத்துவிடாதீர்கள். பிரெட்ஸ்லாவ் ரயிலால் வளர்ந்த ஊர், 1839லேயே வியன்னாவிலிருந்து தண்டவாளம் வந்துவிட்டது. ரப்பர்ப் பொருள்கள், காற்றடைத்த படகுகள் செய்யும் ஆலை அங்கே இருக்கிறது, பக்கத்துப் போஷ்தோர்னாவில் பாஸ்பேட் இரசாயன ஆலை. கிழக்கு ஓரத்தில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறார்கள். அதே ஓரத்தில்தான் 24 ஜூன் 2021 அன்று சூறாவளி வந்து ஹ்ருஷ்கி, மொராவ்ஸ்கா நோவா வெஸ் ஊர்களின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அந்தப் பக்கம் போனால் புதுக் கூரைகளைப் பார்த்ததும் ஏன் என்று புரியும்.

இன்னொன்று, வல்திட்சே 1920 வரை கீழ் ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. பிரெட்ஸ்லாவிலிருந்து ஸ்னோய்மோ போகும் ரயில்பாதை அந்த ஊர் வழியாகப் போனது, புது செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்தப் பாதை வேண்டும், அதனால் ஊரே நாடு மாறியது. ரயில் நிலையத்தில் இறங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கரையோரம்:
மேலே சொன்ன எல்லாம் சரி. ஆனால் பாலவா மேலிருந்து தெரியும் நோவே ம்லீனி ஏரிகளை இயற்கை ஏரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வெள்ளத் தடுப்புக்கும் பாசனத்துக்கும் தியே ஆற்றை மறித்துக் கட்டிய மூன்று நீர்த்தேக்கங்கள் அவை, வேலை 1989 வரை நடந்தது. நடு ஏரிக்குள் முஷோவ் என்ற கிராமம் போய்விட்டது. வீடுகளை இடித்துவிட்டார்கள், புனித லெயோனார்து தேவாலயம் மட்டும் இன்றும் நீருக்கு நடுவே சின்னத் தீவில் தனியாக நிற்கிறது. ப்ர்னோவிலிருந்து மிகுலோவ் போகும் சாலை அந்த ஏரிகளுக்கு இடையே கரைமேல் போகும், இடது பக்கம் உட்கார்ந்தால் தெரியும். மனிதர் இல்லாத ஊரைப் பறவைகள் எடுத்துக்கொண்டன, அதனால் தீவுக்குப் போக அனுமதி இல்லை.

அதே ஏரிக்கரைப் பக்கம் டோல்னி வியெஸ்தோனிட்சே. 1925இல் அங்கே கிடைத்த சுட்ட களிமண் பெண் உருவம் 11 சென்டிமீட்டர்தான், வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். பானை செய்யத் தெரிவதற்கு முன்பே களிமண்ணைச் சுட்டிருக்கிறார்கள்! அதைப் படித்துவிட்டு நேரில் போனால் அந்தச் சரிவு வேறு மாதிரித் தெரியும். பக்கத்துப் பாவ்லோவில் நிலத்துக்கு அடியில் கட்டிய தொல்லியல் காட்சியகம் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

தெற்குரயில்:
மிக்க நன்றி. அப்படியென்றால் பிரெட்ஸ்லாவில் தங்குவதா, மிகுலோவிலா? செப்டம்பரில் 'புர்ச்சாக்' கிடைக்குமா?

கொடிக்கால்:
கிடைக்கும். பாதி நொதித்த திராட்சைச் சாறு, ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 30 வரைதான் விற்கலாம், செக் நாட்டில் விளைந்த திராட்சையாக இருந்தால்தான் அந்தப் பெயரே போடலாம். இனிப்பாக இருக்கிறதே என்று அளவில்லாமல் குடிக்காதீர்கள், உள்ளே போயும் நொதித்துக்கொண்டுதான் இருக்கும். போத்தல் மூடியை இறுக்கினால் வெடிக்கும்.

மேடுபள்ளம்:
மிகுலோவில் தங்குங்கள். கோட்டை, யூதர் தெரு, ஏறத்தாழ 4,000 கற்கள் உள்ள யூதக் கல்லறை எல்லாம் நடந்தே பார்க்கலாம், பல நூற்றாண்டுகள் மொராவிய யூதர்களின் தலைமை ரபி (யூத மதகுரு) இருந்த ஊர் அது. செப்டம்பரில் அறுவடைத் திருவிழா வரும் வாரக்கடைசியில் அறை கிடைப்பது கஷ்டம், தேதி பார்த்து இப்போதே பதிவு செய்யுங்கள். லெட்னிட்சேயை வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள், மினாரெட் கோபுரத்தின் 302 படிகளை நெரிசலில் ஏற வேண்டாம். அங்கிருந்து வல்திட்சே வரை வாடகை சைக்கிளில் போகலாம், வழி பெரும்பாலும் மர நிழல்தான்.